அக்னி நட்சத்திரத்தில் ஆறாமீன் எங்கே போகிறது?

பாம்பன்காரன்:
போன மாசம் பார்த்த நட்சத்திரத்தை இந்த மாசம் தேடினால் காணோம் என்ற அனுபவம் கடலோரத்து ஆட்கள் எல்லோருக்கும் இருக்கும். உங்களுடையதை எழுதுங்கள். முதலில் நான் சொல்கிறேன்.

எங்கள் சித்தப்பா விசைப்படகில் போகிறவர். பாய் கட்டிய வத்தைப் படகில் தொழில் பழகியவர் என்பதால், ஜிபிஎஸ் வந்த பிறகும், ஆறு நட்சத்திரம் கொத்தாகத் தெரிகிற ஆறாமீனை வைத்துத்தான் மணி சொல்வார். கார்த்திகை பிறந்த புதிதில் அது உச்சிக்கு வந்தால் நடுச்சாமம். மார்கழி பிறந்ததும் அதே இடத்துக்குப் பத்து மணிக்கே வந்துவிடும். தை பிறந்தால் எட்டு மணி. மாசத்துக்கு இரண்டு மணி நேரம் முந்தும் என்பது அவர் கணக்கு, அது அப்படியே சரி.

ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில், மே மாசம், படகெல்லாம் கரையில் கிடந்தபோது, ராத்திரி சாப்பிட்டுவிட்டு குந்துகால் கடற்கரைப் பக்கம் போய் உட்கார்ந்தோம். ஆறாமீனைக் காட்டுங்கள் என்று கேட்டேன்.

"இப்ப எங்கடா இருக்கு அது? பொழுதோட எந்திரிச்சு, பொழுதோடயே அடைஞ்சிருது. தடை முடிஞ்சு கடலுக்குப் போகையில, விடியமுன்ன கெழக்க வந்து நிக்கும் பாரு" என்றார்.

விஷயம் முழுக்க அந்தப் பதிலில் இருக்கிறது. பூமி சூரியனைச் சுற்றிவர ஒரு வருஷம். நாம் நகர நகர, சூரியனுக்குப் பின்னால் தெரிய வேண்டிய நட்சத்திரங்கள் மாறிக்கொண்டே இருக்கும். மே 20-ஐ ஒட்டி சூரியன் ஆறாமீனுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அன்றைக்கும் ஆறாமீன் நம் தலைக்கு மேல் வரத்தான் செய்கிறது, நண்பகலில். வெளிச்சத்தில் நமக்குத் தெரிவதில்லை.

இதைப் பஞ்சாங்கம் நமக்கு வருஷா வருஷம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அக்னி நட்சத்திரம் என்பது, சூரியன் பரணியின் பின்பாதியில் தொடங்கி, கார்த்திகையைக் கடந்து, ரோகிணியின் முதல் பாதம் முடிக்கிற நாட்கள். கார்த்திகை என்பது வேறு எதுவும் இல்லை, இதே ஆறாமீன்தான். ஆறு மாசம் கழித்து சூரியன் வானத்தின் எதிர்ப்பக்கம் போய்விடும். பௌர்ணமி நிலா எப்போதும் சூரியனுக்கு எதிரே நிற்பது. அதனால் கார்த்திகை தீபத்தன்று நிலா ஆறாமீன் பக்கத்தில் இருக்கும். மே மாச வெயிலும் தீபத்து நிலாவும் ஒரே நட்சத்திரத்தின் இரண்டு முனை என்று புரிந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஆறாமீன் மறைந்திருப்பதும் அந்த நாட்களுக்குள்தான். மீன் இனப்பெருக்கத்துக்காக வைத்த தடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தற்செயல்தான். ஆனால் எங்கள் ஊரில் ஞாபகம் வைத்துக்கொள்ள இதைவிட வசதி வேறில்லை.

மண்டபம் டீச்சர்:
தம்பி, எங்கள் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "பூமிதான் ஒரு நாள்ல ஒரு சுத்து சுத்திருதுல்ல டீச்சர், அப்ப எல்லா நட்சத்திரமும் தினமும் தெரியணுமே?" நல்ல கேள்வி. பதிலை வாயால் சொல்லாமல் செய்து காட்டினேன். அறைக் கதவு, ஜன்னலைச் சாத்தி, நடுவில் ஸ்டூல் போட்டு எமர்ஜென்சி லைட்டை வைத்தேன். லைட்டுக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னேன். அதுதான் அவனுக்கு ராத்திரி. எதிரே தெரிந்தது தேதி காலண்டர். கால்வட்டம் நடந்து, மறுபடி முதுகு காட்டி நின்றான். இப்போது பீரோ. அரைவட்டத்தில் கரும்பலகை. "இப்ப காலண்டரைப் பாரு" என்றேன். திரும்பினான், லைட் நேரே முகத்தில் அடித்தது. கையை வைத்து மறைத்துக்கொண்டு, "கண்ணு கூசுது டீச்சர், அது லைட்டுக்கு அந்தாண்ட இருக்கு" என்றான். அதன்பிறகு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மற்ற பிள்ளைகளுக்கு அவனே பாடம் எடுத்தான்.

ஒரு சந்தேகம். மாசத்துக்கு இரண்டு மணி நேரம் என்றால் நாளுக்கு எவ்வளவு?

கீழக்கரை சபூர்:
அண்ணே, நான் துபாயில் இருக்கிறவன். அங்கே ஆகஸ்ட் கடைசியில் சுஹைல் நட்சத்திரம் வந்துவிட்டதா என்று அரபிகள் விடியக்காலத்தில் தெற்கே பார்ப்பார்கள். வந்துவிட்டால் வெயிலின் உக்கிரம் குறையப் போகிறது என்று சந்தோஷம். நம் ஊரில் அகத்தியர் நட்சத்திரம் என்கிறோமே, அதேதான். அதுவும் ஆறாமீன் மாதிரி வெயிலுக்குள் மறைந்து வெளியே வருவதுதான்.

ஆனால் மாசம் மட்டும் காரணமில்லை, ஊரும் காரணம். துபாயில் அது உச்சத்தில் இருக்கும்போதே தொடுவானத்திலிருந்து 12 டிகிரிதான். கீழக்கரையில் 28 டிகிரி. துருவ நட்சத்திரம் நேர் எதிர்: அங்கே 25, இங்கே வெறும் 9. மே மாசம் லீவில் வந்திருந்தபோது, ராத்திரி ஒன்பது மணிக்குக் கடற்கரையில் தெற்கே பார்த்தேன். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் இரண்டு முஷ்டி உயரத்தில் தென்சிலுவை நின்றது. துபாயில் அது தொடுவானத்துப் புழுதியிலேயே போய்விடும். காக்காவை, அதாவது எங்கள் அண்ணனை, கூப்பிட்டுக் காட்டினேன். "சின்ன வயசுல இருந்து இந்தக் கரையிலதான் இருக்கேன், இத யாரும் சொல்லலையே" என்றார். அவரை வீட்டுக்குக் கூட்டிவர நேரமாகிவிட்டது.

பாம்பன்காரன்:
டீச்சர், நாளுக்கு நான்கு நிமிடம். நட்சத்திரத்தை வைத்துப் பார்த்தால் பூமி ஒரு சுற்றுச் சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 விநாடி. அதற்குள் பூமி தன் பாதையில் ஏறக்குறைய ஒரு டிகிரி நகர்ந்துவிடுவதால், சூரியனுக்கு நேரே மறுபடி வர இன்னும் நான்கு நிமிடம் திரும்ப வேண்டும். வருஷத்துக்கு 365 பகல் வந்தாலும் பூமி சுற்றியது 366 தடவை.

சபூர் தம்பி சொன்ன 9 டிகிரியில் நமக்கு ஒரு பெரிய லாபம் இருக்கிறது. வடக்கே தூரத்து நாடுகளில் சப்தரிஷி மண்டலம் மறைவதே கிடையாது. ஆனால் தெற்கு வானத்தில் ஒரு பெரும் பகுதி அவர்களுக்குக் கிடைக்காது. நமக்குச் சப்தரிஷியும் மறையும், தென்சிலுவையும் மறையும். ஆனால் ஒரு வருஷம் முழுக்கப் பார்த்தால் வானத்தில் ஏறக்குறைய எல்லாமே நம் கரைக்கு வந்து போய்விடும்.

ஆடி மாசம் விடியக்காலம் நாலு மணிக்கு எழ முடிந்தவர்கள் அமாவாசையை ஒட்டிக் கிழக்கே பாருங்கள். ஆறாமீன் மேலே ஏறியிருக்கும், திருவாதிரை அதற்குக் கீழே. என்ன தெரிந்தது என்று இங்கேயே எழுதுங்கள்.