3 வயது மகனுக்கு ரத்தத்தில் கொழுப்பு மிக மிகக் குறைவு, எங்கே காட்டுவது?

வணக்கம். திண்டுக்கல்லில் இருக்கிறோம். மகனுக்கு 3 வயது, எடை 9 கிலோதான். கைக்குழந்தையிலிருந்தே வயிற்றுப்போக்கு. மலம் வெளுத்து, எண்ணெய் மிதக்கும், கழுவினாலும் பிசுபிசுவென்று ஒட்டும். சோற்றில் நெய் விட்டால் அன்றிரவே வாந்தி.

பூச்சி மருந்து கொடுத்தோம். பாலை நிறுத்திப் பார்த்தோம், அப்புறம் கோதுமையை. கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கான பரிசோதனையில் ஒன்றுமில்லை. இப்போது வந்த ரிப்போர்ட்டில் மொத்த கொலஸ்ட்ரால் 32, டிரைகிளிசரைடு 9, எல்டிஎல் (கெட்ட கொழுப்பு என்பார்களே, அது) அளவிடவே முடியாத அளவு குறைவு. சிவப்பணுக்கள் முள்முள்ளாக இருக்கின்றனவாம். சாப்பாட்டிலுள்ள கொழுப்பை உடல் சரியாக உறிஞ்ச முடியாத அபீட்டாலிப்போபுரோட்டினீமியா என்ற பரம்பரை நோயாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். கணவர் என் சொந்த அத்தை மகன். எங்கள் இருவருக்கும் கொலஸ்ட்ரால் நார்மல், அதனால் இந்த நோய்க்குக் காரணமான எம்டிடிபி (MTTP) மரபணுவில்தான் சந்தேகமாம்.

எண்ணெயைக் குறைத்ததில் போக்கு கொஞ்சம் அடங்கியிருக்கிறது. ஆனால் வைட்டமின் ஈ அதிக அளவில் சீக்கிரமே தொடங்காவிட்டால் நரம்பும் கண்ணும் பாதிக்கும் என்கிறார்கள், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இங்குள்ள டாக்டர் இந்த நோயை இதுவரை பார்த்ததில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

மதுரை, வேலூர், சென்னை எங்கேயானாலும் வருகிறோம். இந்த நோயுள்ள குழந்தைக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?