மன்னார்ப் படுகையின் எரிமலைப்பாறைப் படைகள்: பெயரிடலில் உதவி தேவை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம். வவுனியாவில் உயர்தர மாணவர்களுக்காகப் புவிச்சரிதவியற் கையேடு ஒன்றைத் தயாரித்து வருகிறேன். 2011ஆம் ஆண்டு, இலங்கையின் வடமேற்குக் கரைக்கு அப்பால் கடலடியில் படிவுகள் நிரம்பியுள்ள மன்னார்ப் படுகையில் தோண்டப்பட்ட பரகுடா என்ற ஆய்வுக் கிணற்றில், 4,000 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில், வாயு தங்கிய மணற்கல்லுக்கு இடையிடையே எரிமலைப்பாறைகளும் காணப்பட்டன. ஒரு படைத்தொகுதிக்கு முறைப்படி பெயரிட, இடப்பெயரோடு மாதிரி வெட்டுமுகம் (அத்தொகுதிக்கு அளவுகோலாகக் கொள்ளப்படும் பாறை வெட்டு), மேல் கீழ் எல்லைகள், பாறைத்தன்மை ஆகியவையும் தரப்பட வேண்டும். கடலடியில் இடப்பெயருக்கு எங்கே போவது? அரிப்பு, சிலாவத்துறை என்று கரையோரப் பெயர்களை இரவல் வாங்குவது எனக்கு அவ்வளவு பொருத்தமாகப் படவில்லை. இதைவிடச் சிக்கலானது, மேற்பரப்பில் வழிந்து உறைந்த எரிமலைக்குழம்பையும் படிவுகளுக்கிடையே பின்னர் ஊடுருவி உறைந்ததையும் பிரித்தறிவதாகும்: முன்னதன் உச்சியில் வாயுக்குமிழித் துளைகள் மிகுந்திருக்கும், பின்னதற்கு மேலேயுள்ள படிவும் வெப்பத்தால் மாறியிருக்கும். கிணறு துளைக்கும்போது மேலே வரும் நகநுனியளவான பாறைத் துகள்களில் இவற்றை எவ்வாறு இனங்காண்பது? கிணற்றுப் பதிவுகளில் அனுபவமுள்ளோர் அத்தகைய துகள்களின் விவரணைப் பக்கம் ஒன்றை மாதிரிக்குப் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும்.