சிலப்பதிகாரக் கட்டுரையில் குறியீட்டை எப்படி விளக்குவது? 'சிலம்பு என்றால் கற்பு' என்று எழுதியதற்கு மதிப்பெண் குறைந்துவிட்டது

நெய்தல்22:
வணக்கம். இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு. 'சிலப்பதிகாரத்தில் சிலம்பு ஒரு குறியீடு: ஆராய்க' என்று தலைப்பு. மூன்று பக்கம் எழுத வேண்டும். முதலில் கதைச் சுருக்கம், பிறகு சிலம்பு கண்ணகியின் கற்பைக் குறிக்கிறது என்று ஒரு பத்தி, கடைசியில் பதிகம் (நூலின் முன்னுரைப் பாடல்) சொல்லும் மூன்று உண்மைகள் என்று எழுதினேன். 'கதையைச் சொல்லியிருக்கிறாய், ஆராயவில்லை' என்ற குறிப்போடு தாள் திரும்பி வந்தது. மறுபடி எழுதித் தர ஒரு வாரம் இருக்கிறது. கேள்வி மூன்று. குறியீட்டை எங்கிருந்து தொடங்குவது? பாத்திரங்களைப் பற்றி இந்தக் கட்டுரையில் எவ்வளவு எழுதலாம்? ஊழ்வினையா, அரசன் பிழையா என்ற கேள்விக்கு ஒரு பக்கம் சாய வேண்டுமா?

ஏடும்எழுத்தும்:
உங்கள் கட்டுரையில் சிலம்புக்கு ஒரு பொருள் கொடுத்துவிட்டு நூலை மூடிவிட்டீர்கள். சிக்கல் அங்கேதான். காப்பியத்தில் அந்தச் சிலம்பு ஒரே இடத்தில் இருப்பதில்லை, கை மாறிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு கையிலும் அது வேறொன்றாகிறது. அதைப் பின்தொடர்ந்தால் போதும், பொருள் தானாக வரும்.

ஒரு தாளில் நான்கு நெடுக்குக் கட்டங்களாகக் கோடு போடுங்கள்: காதை (காப்பியத்தின் உட்பிரிவு), சிலம்பு இப்போது யாரிடம், அங்கே வரும் சரியான சொல், முந்தைய இடத்திலிருந்து மாறியது என்ன. முப்பது காதையையும் இதற்காகப் படிக்க வேண்டாம். 4, 9, 16, 20 ஆகிய நான்கை மட்டும் மூலத்தோடு, சீர் பிரித்த பதிப்பில், உரையைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

4, அந்திமாலைச் சிறப்புச்செய் காதை. கோவலன் மாதவியிடம் இருக்கிறான். கண்ணகியின் நிலை 'அஞ்செஞ் சீறடி அணிசிலம்பு ஒழிய' என்று தொடங்குகிறது. சிலம்பு காலில் இல்லை. கணவன் அருகில் இல்லாததை அந்த வெறுங்கால் சொல்கிறது.

9, கனாத்திறம் உரைத்த காதை. பொருளெல்லாம் தொலைத்துத் திரும்பியவன் வறுமை நாணத் தருகிறது என்கிறான். அவள் சிரித்த முகத்தோடு 'சிலம்புள கொண்ம்', சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். அவனோ அதை வைத்து மதுரையில் வணிகம் செய்யலாம் என்று 'சிலம்பு முதலாக' என்கிறான். அணியாக இருந்தது இங்கே வணிகனின் முதலாகிவிடுகிறது.

16, கொலைக்களக் காதை. 'சீறடிச் சிலம்பின் ஒன்றுகொண்டு யான்போய் மாறி வருவன்', அதாவது ஒன்றை விற்று வருகிறேன் என்று கோவலன் புறப்படுகிறான். 'ஒன்று' என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். இணை இங்கே பிரிகிறது. அதே காதையில் பொற்கொல்லன் வெளி வேலைப்பாட்டைப் பார்த்ததுமே அது பாண்டியன் அரசி கோப்பெருந்தேவிக்கு அல்லாமல் வேறு யாருக்கும் பொருந்தாது என்கிறான். வணிகப் பொருள் திருட்டுப் பொருளாகிறது.

20, வழக்குரை காதை. வாயிற்காவலன் கண்ணகியை 'இணையரிச் சிலம்பொன்று ஏந்திய கையள்' என்று அறிவிக்கிறான். காலில் இருக்க வேண்டியது கையில் இருக்கிறது, சாட்சியாக. பிறகு வரும் இரண்டு அடிகளில்தான் உங்கள் கட்டுரையே இருக்கிறது. அவள், 'என்காற் பொற்சிலம்பு மணியுடை அரியே'. பாண்டிய அரசன், 'யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே'. அரி என்பது சிலம்புக்குள்ளே இடும் பரல். வெளியே இரண்டும் ஒன்றுபோல. உள்ளே ஒன்றில் மாணிக்கம், மற்றதில் முத்து. ஒரு மனிதனைக் கொன்றது வெளித்தோற்றம். உண்மை உள்ளே இருந்தது, உடைத்தால்தான் தெரியும். 'சிலம்பு என்றால் கற்பு' என்பதைவிட இந்த வாசிப்பு வலுவாக இருப்பதற்குக் காரணம், நான்கு காதைகளிலும் இதற்கு அடி காட்ட முடியும்.

ஒரு பிழையைப் பல தாள்களில் பார்க்கலாம்: கண்ணகி தன் கையிலிருந்த சிலம்பை உடைத்தாள் என்று எழுதுவது. மூலம், 'தருகெனத் தந்து தான்முன் வைப்ப'. கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பை அரசன் கொண்டுவரச் செய்து முன்னே வைக்கிறான். அதை அவள் உடைக்கிறாள், 'மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே'. எது உடைந்தது என்பதை மாற்றிவிட்டால் சாட்சியம் என்ற கருத்தே சரிந்துவிடும்.

மருதந்துறை:
மேலே சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். ஓர் எச்சரிக்கை சேர்க்கிறேன். மணி உண்மை, முத்து பொய் என்று எதிரெதிராக நிறுத்திவிடாதீர்கள். அரசியின் சிலம்பில் உண்மையாகவே முத்துதான் இருந்தது. அதில் பொய் எதுவும் இல்லை. அது மட்டுமா, 2-ஆம் காதையில் கோவலன் கண்ணகியையே 'மாசறு பொன்னே வலம்புரி முத்தே' என்றுதான் அழைக்கிறான். ஆசிரியர் இந்த ஓர் அடியைக் காட்டிக் கேட்டால் முழு வாதமும் நின்றுவிடும். முத்து பாண்டியருடையது, கொற்கைத் துறையின் செல்வம் என்ற அளவில் நிறுத்துங்கள். கண்ணகி தன் சிலம்பின் பரலைச் சொல்லும் அதே மூச்சில் அரசனை 'கொற்கை வேந்தே' என்று விளிப்பதைக் கவனித்தீர்களா? முத்துக்குப் பேர்போன துறையின் பெயரைச் சொல்லி விளித்துவிட்டு, என் சிலம்பில் இருப்பது மணி என்கிறாள்.

இனி பாத்திரங்கள். மூன்று பக்கக் கட்டுரையில் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். குணங்களை வரிசையாக அடுக்குவதை விட்டுவிட்டு, ஒருவர் எவ்வளவு பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்று பாருங்கள்.

கண்ணகிக்குப் புகார்க் காண்டத்தில் பேச்சு மிகக் குறைவு. தோழி தேவந்தி, சோமகுண்டம் சூரியகுண்டம் என்ற நீர்த்துறைகளில் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் கணவனோடு கூடலாம் என்கிறாள். பதில் ஒரே சொல், 'பீடன்று', அது பெருமை அன்று. மதுரைக் காண்டத்து வேட்டுவ வரியில், தெய்வமேறி ஆடும் சாலினி அவளைத் 'தென்தமிழ்ப் பாவை' என்றெல்லாம் புகழ, 'பேதுறவு மொழிந்தனள் மூதறிவாட்டி' என்று கணவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறாள். ஆனால் அடங்கிப்போனவள் மதுரையில் திடீரென்று பொங்கினாள் என்று எழுதினால் அது முழுமை இல்லை. கொலைக்களக் காதையில், அவன் புறப்படுவதற்குச் சற்று முன்பே, 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். மாறாத உள்ளம் உடையவள் ஆகையால்தான் எழுந்து வந்தேன் என்கிறாள். பீடன்று, போற்றா ஒழுக்கம், அரசவையில் அவள் சொல்லும் தேரா மன்னா (ஆராயாத மன்னா): இந்த மூன்றையும் ஒரே கோட்டில் வைத்துப் பாருங்கள். ஒரே தன்மை படிப்படியாகக் குரல் பெறுகிறது.

பாண்டியனைக் கொடுங்கோலன் என்று ஒதுக்கிவிடுவது பெரிய தவறு. 'கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று', கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மை அல்ல என்று தொடங்கியவன், அவள் மணி என்றதும், அது நல்ல சொல் என்று ஏற்றுக்கொண்டு தன் சிலம்பில் முத்து என்று உண்மையைச் சொல்கிறான். அந்த ஒரு விடை இல்லாவிட்டால் சிலம்பு உடைந்தும் எதுவும் நிரூபணம் ஆகாது. தவறு செய்தவனே உண்மைக்கும் சாட்சி சொல்கிறான். 'யானோ அரசன் யானே கள்வன்' என்ற அடியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், இந்த விடையைக் காட்டுபவர்கள் குறைவு.

நெய்தல்22:
மிக்க நன்றி. நான்கு காதைகளையும் எடுத்துவிட்டேன். ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. ஊழ்தான் காரணம் என்று பதிகமே சொல்கிறது. அப்படியானால் அரசனையும் கோவலனையும் எப்படிக் குற்றம் சொல்வது? 'முதல்' என்ற சொல் 'சிலம்பு முதலாக', 'என்முதல் பிழைத்தது', 'வாய்முதல் தெறித்தது' என்று மூன்று இடத்தில் வருகிறது. அதை ஒரு குறியீடாக எழுதலாமா?

கோடிட்டவரி:
'முதல்' பற்றி முதலில். மூன்று இடத்திலும் பொருள் வேறு: வணிக முதல், என்னிடமிருந்து தொடங்கி, வாயிடத்தே. ஒலி ஒன்றாக இருப்பதால் மட்டும் இழை ஆகிவிடாது. ஒரு வரியில் குறிப்பிடலாம், பத்தி எழுத வேண்டாம். அதைவிட உறுதியான இழை 'பிழை'. பதிகத்தில் 'அரைசியல் பிழைத்தோர்க்கு'. 13-ஆம் காதையில் மாதவியின் மடலில் 'என்பிழைப்பு அறியாது', அதாவது நான் செய்த தவறு என்ன என்று தெரியாமல் என் நெஞ்சம் தவிக்கிறது. 20-இல் அரசன் வாயில் 'என்முதல் பிழைத்தது'. இங்கே பொருளும் ஒன்றே. பிழை செய்யாதவள் என் பிழை என்ன என்று கேட்கிறாள், செய்தவன் என் பிழை என்று ஒப்புக்கொள்கிறான். நடுவில் கோவலன். அந்த மடலைப் படித்ததும் மாதவி மேல் தீது இல்லை, 'என்தீது' என்று உணர்கிறான். அவளுடைய முதல் மடலை 8-ஆம் காதையில் வாங்கவே மறுத்தவன் அவன்.

இப்போது ஊழ். ஒரு பக்கம் சாயத் தேவையில்லை. ஆனால் 'இரண்டும் உண்டு' என்று சொல்லி நிறுத்தவும் கூடாது. இளங்கோவடிகள் இரண்டையும் எங்கே பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார் என்று காட்டுங்கள். கொலை ஆணைக்கு முந்தைய அடிகள்: 'வினைவிளை காலம் ஆதலின் யாவதும் சினையலர் வேம்பன் தேரான் ஆகி'. முதல் பாதி ஊழ், அடுத்த பாதி அரசன் ஆராயவில்லை. ஒரே வாக்கியம். அதற்கும் முன்னே போனால் இன்னொரு காரணம் இருக்கிறது. ஆடலும் பாடலும் அரசன் மனத்தைக் கவர்ந்தன என்று அரசி ஊடி, தலைநோவு என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அவளைத் தணிக்கப் போகும் வழியில்தான் பொற்கொல்லன் குறுக்கிடுகிறான். பிறகு கண்ணகி வந்து அவனை எப்படி விளிக்கிறாள்? 'தேரா மன்னா'. 16-இல் கவிஞர் சொன்ன 'தேரான்' என்ற அதே சொல் 20-இல் அவள் வாயில் குற்றச்சாட்டாகிறது. ஊழைப் பற்றி அவள் அங்கே வாதிடவில்லை. ஆராயாமல் விட்டாய் என்பதுதான் வழக்கு.

இதோடு 7-ஆம் காதையான கானல் வரியின் முடிவை எடுத்து வைத்துப் பாருங்கள். மாதவி பாடியதைக் கேட்ட கோவலன், அவள் வேறொருவன் மேல் மனம் வைத்துப் பாடினாள் என்று, ஒரு கேள்வியும் கேட்காமல், 'மாயத்தாள்' என்று முடிவு கட்டிப் பிரிந்துவிடுகிறான். அங்கேயும் 'யாழிசைமேல் வைத்துத் தன் ஊழ்வினை வந்து உருத்தது' என்று வருகிறது. பதிகத்தின் 'உருத்து வந்து ஊட்டும்' என்பதன் எதிரொலி அது. ஆக இரண்டு தீர்ப்புகள். கோவலன் மாதவிக்குக் கொடுத்தது ஒன்று, பாண்டியன் கோவலனுக்குக் கொடுத்தது இன்னொன்று. இரண்டின் பின்னணியிலும் ஆடல் பாடல், இரண்டிலும் விசாரணை இல்லை, இரண்டிலும் ஊழ் என்ற சொல். 23-ஆம் காதையில் மதுராபதித் தெய்வம் சொல்லும் முற்பிறப்பும் இதே வார்ப்புதான்: சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று சொல்லிக் கொல்ல வைத்தவன் பரதன், அவனே கோவலனாகப் பிறந்தான். ஊழின் உள்ளே போய்ப் பார்த்தாலும் கிடைப்பது ஆராயாமல் செய்த ஒரு கொலை. ஊழ் ஒரு பக்கம், பிழை ஒரு பக்கம் என்று பிரித்து எழுதுவதைவிட, இந்தக் காப்பியத்தில் ஊழ் வந்து நுழையும் வாசல் ஆராயாமை என்று எழுதலாம். சிலம்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை என்ற உங்கள் குறியீட்டு வாதத்தோடு இது நேராகப் போய்ச் சேரும்.

ஏடும்எழுத்தும்:
அளவுக்கு ஒரு கணக்கு. மூன்று பக்கத்தில் கதைச் சுருக்கம் நான்கு வரிக்கு மேல் வேண்டாம். முதல் பத்தியிலேயே உங்கள் வாதத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். நான்கு காதைக்கு நான்கு பத்தி, ஒவ்வொன்றிலும் மேற்கோள் இரண்டு அடிக்குள். மேற்கோளை எழுதிவிட்டு அதன் பொழிப்பை மட்டும் கீழே எழுதுவது வீண். அதில் எந்தச் சொல் உங்கள் வாதத்துக்கு வேலை செய்கிறது என்று எழுதுங்கள். ஐந்தாவது பத்தியில் கோடிட்டவரி சொன்ன இரண்டு தீர்ப்புகள். ஆறாவதில் மறுப்பு: மருதந்துறை காட்டிய 'வலம்புரி முத்தே' அடியை நீங்களே எடுத்துப் போட்டு விடை சொல்லிவிடுங்கள்.

மேற்கோளில் சீர் பிரிப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஒரே பதிப்பை வைத்துக்கொண்டு காதைப் பெயரும் அடி எண்ணும் சேர்த்துக் குறியுங்கள். இணையத்தில் ஒட்டி எடுத்த அடிகளில் ற, ர மாறியிருப்பது உண்டு. 'அரி' 'அறி' ஆகிவிட்டால் பரல் போய் அறிவு வந்து நிற்கும்.