முழங்கால் மூட்டு, எம்.ஆர்.ஐ. ஆய்வு: பிஎச்.டி. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். பயோமெடிக்கலில் எம்.டெக். முடித்திருக்கிறேன். முழங்கால் எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து குருத்தெலும்பை ஒவ்வொரு துண்டாக வரைந்தெடுத்து, உடலில் விசைகள் எப்படிப் பரவுகின்றன என்று கணக்கிடும் ஃபெபியோ (FEBio) மென்பொருளில் மாதிரியாக்கி, நடக்கும்போது அழுத்தம் எங்கே கூடுகிறது என்று பார்த்தேன். எக்ஸ்ரேயில் மூட்டிடைவெளி குறைந்து தெரிவதற்குள் குருத்தெலும்பு கணிசமாகத் தேய்ந்துவிடுகிறது. அதற்கு முன்பே கண்டுபிடிக்கும் ஆய்வில்தான் சேர ஆசை.

பின்லாந்தின் ஔலு, பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகங்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி முனைவர் திட்டங்களில் மாதச் சம்பளமே உண்டு. கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல், சேரப்போகும் நாட்டில் இருந்திருக்கக் கூடாது என்ற நிபந்தனை எனக்குச் சிக்கலில்லை.

பேராசிரியருக்கு நேராக மெயில் போடலாமா, அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டுமா? அப்புறம், ஐஐடி மெட்ராஸில் இதே துறையில் இருப்பவர்கள், மருத்துவமனை ஸ்கேன்களுக்கு நெறிமுறைக் குழு அனுமதி கிடைக்க எவ்வளவு நாளாகிறது என்றும் சொல்லுங்கள்.