ப்ளவுஸ் கட்டிங் வீடியோவுக்கு லைட் வாங்கணும், 2000 ரூபாய்க்குள்ள. கோடு ஓடுது, கலரும் மாறுது, ஹெல்ப் ப்ளீஸ்

நூல்கண்டு:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுலயே டெய்லரிங் பண்றேன், கட்டிங் டேபிளுக்கு மேல போனை மாட்டி ப்ளவுஸ் கட்டிங் வீடியோ எடுக்குறேன். பகல் பூரா தைக்கிற வேலை, பசங்க தூங்கினப்புறம் ராத்திரிதான் எடுக்க முடியும். சின்ன ரூம், எனக்குப் பின்னாடி சுவத்துல ஒரு டியூப் லைட், நடுவுல ஃபேன். என் தலை நிழல் அப்படியே துணி மேல விழுது. வெளிச்சம் பத்தலன்னு ஒரு சின்ன ரிங் லைட் வாங்கி வச்சேன், அதுக்கப்புறம்தான் வீடியோல கறுப்பு கோடு கோடா மேலயும் கீழயும் ஓட ஆரம்பிச்சுது, முன்னாடி லேசாதான் இருந்துச்சு. அரக்கு கலர் துணி பிரவுனா தெரியுது, அது என்ன கலர்னு கமெண்ட்ல கேக்குறாங்க. பெரிய ரிங் லைட் வாங்கினா சரியாயிடுமா?

வயர்மேன்:
சிஸ்டர் காசை கொஞ்சம் நிறுத்தி வைங்க. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால மட்டமான டிரைவர் (லைட்டுக்குள்ள கரண்ட்டை மாத்திக் குடுக்குற சர்க்யூட்) போட்ட எல்இடி செகண்டுக்கு 100 தடவை கூடிக் குறையும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். வெளிச்சம் கூடினா போன் தானாவே ஷட்டரை (ஒவ்வொரு படத்துக்கும் கேமரா வெளிச்சத்தை வாங்குற நேரம்) வேகமாக்கும், வேகமாக ஆக கோடு இன்னும் அழுத்தமா வரும், அதான் லைட் சேர்த்ததும் அதிகமாச்சு. போன் கேமரால ப்ரோ வீடியோ (செட்டிங்கை நாமளே மாத்துற மோடு) இருந்தா ஷட்டர் 1/50 இல்லன்னா 1/100 செகண்ட்ல நிறுத்துங்க. இல்லன்னா பிளாக்மேஜிக் கேமரா ஆப் ஃப்ரீதான் (எல்லா ஆண்ட்ராய்டுலயும் ஓடாது), அதுல 25 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு 25 படம்), ஷட்டர் 1/50 வைங்க. இன்னொன்னு, ரிங் லைட்ல பட்டனை அமுக்கி வெளிச்சத்தை குறைச்சு வச்சிருக்கீங்களா? நிறைய லைட்டுல குறைக்கிறதுன்னா வேகமா அணைச்சு அணைச்சு எரியவிடுறதுதான். ஃபுல்லா வச்சுட்டு தள்ளி வைங்க.

செல்ஃபி_ஸ்டாண்ட்:
18 இன்ச் ரிங் லைட் வாங்குங்க அக்கா, நான் அதுலதான் எடுக்குறேன் சூப்பரா இருக்கு

காஜாபட்டன்:
தம்பி நீங்க முகம் எடுக்குறீங்க, அதுக்கு ரிங் லைட் ஓகே. இவங்க மேலிருந்து துணி எடுக்குறாங்க. போனைச் சுத்தி நேரா கீழ அடிச்சா சன்மைக்கா டேபிள்லயும் கத்தரிக்கோல்லயும் வட்டம் வட்டமா மின்னும், துணி தட்டையா தெரியும், சாக் கோடே தெரியாது. நானும் எம்பிராய்டரி வீடியோ எடுக்குறவதான், அதனால சொல்றேன். வெளிச்சம் பக்கவாட்டுல இருந்து சாய்வா வரணும், அப்பதான் மடிப்பு, பிளீட், ஜரிகை எல்லாம் எழும்பித் தெரியும்.

எலக்ட்ரிக் கடைல நாலடி 20 வாட் எல்இடி பேட்டன் (டியூப் லைட் மாதிரி நீளமான பட்டை லைட்) கேளுங்க, 200, 300 ரூபாய்க்கே கிடைக்கும். வயரும் டூ பின் பிளக்கும் எலக்ட்ரீஷியன்கிட்ட குடுத்து போட்டுக்கோங்க. வலது கைல வெட்டுறீங்கன்னா லைட் இடது பக்கம் இருக்கட்டும், டேபிள்ல இருந்து ரெண்டு மூணு அடி உயரம், முன்னாடி பட்டர் பேப்பர் ஒட்டினா நிழலோட ஓரம் மெத்துன்னு ஆயிடும். வலது பக்கம் இன்னொரு லைட் வேண்டாம், ஒரு தெர்மோகோல் ஷீட்டை நிறுத்தி வைங்க, அதுல பட்டுத் திரும்பற வெளிச்சமே போதும். (அயர்ன் பாக்ஸ் பக்கத்துல சாய்ச்சு வச்சுராதீங்க, உருகிடும்.) பின்னாடி இருக்கிற டியூப்பை ஷூட்டிங் நேரத்துல ஆஃப் பண்ணிடுங்க, தலை நிழல் அதோட போச்சு. இப்படி லைட் கீழ இருந்தா ஃபேனையும் நிறுத்த வேண்டியதில்ல, றெக்கை லைட்டை மறைச்சு மறைச்சு அடிக்காது.

நூல்கண்டு:
ரொம்ப தேங்க்ஸ் அக்கா. இந்த அரக்கு கலருக்கு என்ன பண்றது? மயில் கழுத்து கலரும் ஒரு வீடியோல பச்சையா வருது இன்னொண்ணுல நீலமா வருது

வயர்மேன்:
வீடியோவுக்கு வீடியோ மாறுறது ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் வேலை, அதாவது எது வெள்ளைன்னு போனே கணிச்சு கலரை மாத்துறது. பெரிய சிவப்புத் துணியை விரிச்சா போன் தானா சிவப்பைக் குறைக்கப் பாக்கும். வெள்ளைத் துணி வச்சு செட் பண்ணி லாக் போட்டுட்டு அப்புறம் கலர் துணியை விரிங்க. அரக்கு பிரவுனா தெரியறது லைட்டோட கோளாறாவும் இருக்கலாம், மலிவு எல்இடில அடர் சிவப்பு கம்மி. பேட்டன் டப்பால சிஆர்ஐ இல்லன்னா ஆர்ஏ (கலரை எவ்வளவு சரியா காட்டும்கிற மார்க், 100க்கு) எவ்வளவுன்னு பாருங்க, வழக்கமா 80 இருக்கும், 90 கிடைச்சா கொஞ்சம் காசு கூடினாலும் அதையே எடுங்க. கடைல எரியவிடச் சொல்லி போன்ல ஸ்லோ மோஷன் எடுத்துப் பாருங்க, படபடன்னு துடிச்சா வேற கம்பெனி கேளுங்க.

செல்ஃபி_ஸ்டாண்ட்:
சாஃப்ட்பாக்ஸ் கிட் (ஸ்டாண்டுல பல்பு, முன்னாடி வெள்ளைத் துணி போட்ட பெட்டி) கூட ஆன்லைன்ல சீப்பா வருதே?

காஜாபட்டன்:
நல்லதுதான், ஆனா அந்த சின்ன ரூம்ல ஸ்டாண்டு காலை விரிச்சா யார் நடக்குறது? அதுல வர்றது பெரும்பாலும் திருகுற ஹோல்டர், நம்ம வீட்டு பின் பல்பு அதுல போகாது, கன்வெர்ட்டர் தனியா வாங்கணும்.

நூல்கண்டு:
1/50 வச்சதும் கோடு போயிடுச்சு!! ரிங் லைட்டை ஃபுல்லா வச்சு பக்கவாட்டுல திருப்பியிருக்கேன், இப்பவே பரவால்ல. அரக்கு இன்னும் பிரவுன்தான். நாளைக்கு பேட்டன் வாங்கப் போறேன், 4000 கே (லேசா மஞ்சள் கலந்த வெள்ளை) வா 6500 கே (நீலம் கலந்த வெள்ளை) வா?

வயர்மேன்:
எதுன்னாலும் சரி, சிஆர்ஐ 90 எதுல கிடைக்குதோ அது. ஆனா 4000 எடுத்தா ரிங் லைட்டை கூட சேத்து எரியவிடாதீங்க, ரெண்டு வெள்ளை கலந்தா துணில ஒரு பக்கம் நீலம் ஒரு பக்கம் மஞ்சள்னு வரும், அதை எந்த லாக்காலயும் சரி பண்ண முடியாது.