கால்வெஸ்டன் கடல் சுவர்: 4 அடி உயர்த்தினால் கடல் தெரியுமா?

தென்றல்77
கால்வெஸ்டன் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஒரு தீவு நகரம். புயல் வெள்ளத்தைத் தடுப்பதற்கான டெக்சஸ் கடலோரத் திட்டத்தில் அதன் கடல் சுவரை 17 அடியிலிருந்து 21 அடிக்கு உயர்த்தும் யோசனை இருக்கிறது. இருக்கும் சுவரின் தலையில் 4 அடிக் கைப்பிடிச் சுவர் எழுப்பினால், சாலையில் போகிறவர்களுக்கும் நடைபாதையில் வருபவர்களுக்கும் கடல் மறையுமா? கண்ணாடித் தடுப்பு போதும் என்கிறார்களே, அது சரிப்படுமா?

கட்டுமானி
கடல்மட்டத்திலிருந்து எத்தனை அடி என்பது அலைக்கான கணக்கு. கண்ணுக்கான கணக்கு நடைபாதையிலிருந்து தொடங்கும். அமெரிக்கச் சாலை வடிவமைப்பில் கார் ஓட்டுநரின் கண்ணுயரம் 3.5 அடி. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் ஏறத்தாழ அதேதான். 4 அடிச் சுவர் எழுந்தால் இவர்களுக்குக் கடலே கிடையாது.

நிற்பவரைப் பாருங்கள். கண் 5 அடியில். சுவர் விளிம்பிலிருந்து 10 அடி தள்ளி நிற்கிறார். நடைபாதை சுவரின் தலை மட்டத்தில், அதாவது 17 அடியில்; மணற்கரை கடல்மட்டத்திலிருந்து 5 அடியில் என்று வைத்துக்கொள்வோம். இப்போது சுவருக்கு வெளியே 24 அடியிலிருந்தே மணல் தெரியும். 4 அடி எழுப்பினால் பார்வைக்கோடு பத்துக்கு ஒன்று என்று சாய்ந்துவிடும். 160 அடிக்கு அப்பால்தான் மணல் கண்ணில் படும். கரை அதைவிடக் குறுகிய இடங்களில், கீழே விளையாடும் பிள்ளைகளை மேலிருந்து யாரும் கவனிக்க முடியாது. எனக்கு இதுதான் பெரிய கவலை. திட்டம் பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டத்தில் வண்ணப்படம் காட்டினால் அதோடு விடாதீர்கள். 3.5 அடி, 5 அடி கண்கோடு வரைந்த குறுக்குவெட்டைக் கேளுங்கள்.

கரைமணல்
சுவரோடு நடைபாதையும் உயர வேண்டும். 1900இல் ஊரை அழித்த புயலுக்குப் பிறகு கால்வெஸ்டன் அதைத்தான் செய்தது. 1902–04இல் சுவர் எழுந்தது. 1903 முதல் 1911 வரை மணல்குழம்பைக் குழாயில் பாய்ச்சி, சுவருக்குப் பின்னால் தரையையே உயர்த்தினார்கள். 2,000க்கும் மேற்பட்ட கட்டடங்களை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். இன்று சுவரின் தலையிலேயே நடந்துகொண்டு கடல் பார்க்க முடிவது அதனால்தான்.

இப்போது செய்வதானால் இரண்டு இடத்தில் இடிக்கும். 4 அடி மண் நிரப்பினால் சதுர அடிக்கு 450 பவுண்டு போல எடை கூடும்; அது பழைய சுவரைக் கடல்பக்கம் தள்ளும். சறுக்கல், கவிழ்தல் இரண்டையும் புதிதாகச் சரிபார்க்காமல் தொடக்கூடாது. அடுத்தது, சக்கர நாற்காலி சாலையிலிருந்து உயர்ந்த நடைபாதைக்கு ஏறும் சாய்தளம்: 12க்கு 1 சரிவில் 48 அடி, அதோடு 30 அங்குல ஏற்றத்துக்குள் ஒரு 5 அடி நடுமேடை, ஆக 53 அடி. சாலைக்குக் குறுக்கே அந்த இடம் கிடைக்காது, சுவருக்கு இணையாகத்தான் போட வேண்டும்.

தென்றல்77
சுவரின் முகம்தான் வளைவாக இருக்கிறதே, அலையைத் திருப்பிவிடாதா? 2 அடி உயர்த்தினால் போதாதா?

கட்டுமானி
நீர்மட்டத்துக்கும் சுவர்த் தலைக்கும் நல்ல இடைவெளி இருந்தால்தான் வளைவுக்கு வேலை. புயல் நீர் தலையை நெருங்கிவிட்டால் அலை அப்படியே தாண்டும். அந்த 17 அடியும் பழைய தாழ்நீர் மட்டத்திலிருந்து அளந்தது. கால்வெஸ்டனில் உள்ள கடல்மட்ட அளவுமானியில் நிலம் தாழ்வதும் சேர்த்து ஆண்டுக்கு 6.5 மி.மீ. போலக் கடல் ஏறுகிறது. நூறாண்டில் 2 அடிக்கு மேல் போய்விட்டது. நீங்கள் சொல்லும் 2 அடி அந்த இழப்பையே ஈடுகட்டும்.

உயரத்தைக் குறைக்க வேண்டுமானால் சுவரடியில் அலையைக் குறைக்க வேண்டும். ஆழம் குறைந்தால் உடையாமல் வரக்கூடிய அலையின் உயரமும் குறையும். மணல் கொட்டிக் கரையை அகலப்படுத்துவது அதற்காகத்தான். ஆனால் புயலின்போது சுவரில் மோதித் திரும்பும் அலை அடிமணலை அரித்துவிடும். முழு மணலும் கடைசி வரை இருக்கும் என்று வைத்துக் கணக்குப் போடக்கூடாது.

உப்புக்காற்று
கண்ணாடி முன்வரிசைக்கு ஆகாது. பல அடுக்குக் கண்ணாடியே போட்டாலும் காற்றோடு வரும் மணல் உரசி மங்கிவிடும், ரப்பர் அடைப்பு வெயிலில் இறுகிக் கசியும், சூறாவளியில் மிதந்து வரும் மரக்கட்டை மோதும். சாலைக்கு உள்பக்கம் இரண்டாவது தாழ்சுவர் கட்டினால் அதில் வைக்கலாம். அப்போது நடுவில் இருக்கும் நடைபாதையும் சாலையும் அலை தாண்டும் நீரைத் தாங்க வேண்டும். கான்கிரீட் தளத்துக்கு, சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் நொடிக்கு 200 லிட்டர் வரை பொறுக்கும் என்று வைப்பார்கள், புல்தரைக்கு 50தான். ஆள் நடமாட்டத்தை முன்கூட்டியே நிறுத்திவிட வேண்டும்.

இன்னொன்று. 2008 ஐக் சூறாவளியில் ஊருக்குள் வெள்ளம் பெரும்பாலும் கடல் பக்கமாக இல்லை, தீவுக்குப் பின்னால் உள்ள கால்வெஸ்டன் விரிகுடாப் பக்கமாக வந்தது. அந்தப் பக்கத் தடுப்பு, அதன் கதவுகள், மழைநீரை வெளியேற்றும் பம்புகள் எல்லாம் கூடவே வராமல் கடல் பக்கம் மட்டும் 21 அடி ஆக்கினால், காட்சியும் போய் வெள்ளமும் நிற்காது. கூட்டத்தில் இரண்டு பக்கத்துக்கும் கட்டுமான வரிசையைக் கேளுங்கள்: எது முதலில் முடிகிறது?