பிரீமியம் சுருங்கினால் மார்க்கெட் இறங்குமா? ஃப்யூச்சர்ஸ் விலை பற்றி ஒரு வாக்குவாதம்

பஜார்_பார்வை:
ஜூன் சீரிஸ் (ஜூனில் முடியும் காண்ட்ராக்ட்) தொடங்கும்போது நிஃப்டி ஃப்யூச்சர்ஸ் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) பிரீமியம், அதாவது ஸ்பாட் எனும் இன்றைய விலைக்கு மேல் அது நிற்கும் அளவு, சுருங்கி நிற்பதைப் பல வருஷமாகப் பார்க்கிறோம். சில பங்குகளில் ஃப்யூச்சர்ஸ் ஸ்பாட்டுக்குக் கீழேயே ஓடுகிறது. "டிவிடெண்ட் சீசன், கண்டுக்காதீங்க" என்று இதை ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஃப்யூச்சர்ஸில் பணம் போடுகிறவர் ஒரு எண்ணத்தோடுதான் போடுகிறார். ஏறும் என்று நினைப்பவர்கள் அதிகமானால் பிரீமியம் விரியும், இறங்கும் என்று நினைப்பவர்கள் அதிகமானால் சுருங்கும். ஓப்பன் இன்ட்ரஸ்ட் (முடிக்காமல் நிற்கும் காண்ட்ராக்ட் எண்ணிக்கை) கூடி பிரீமியம் குறைந்தால் அது புது ஷார்ட் (இறங்கும் என்று விற்று வைப்பது). இதை ஏன் பார்க்கக் கூடாது?

வட்டிக்கணக்கு:
பார்க்கலாம் நண்பரே. ஆனால் கழிக்க வேண்டியதைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். நிஃப்டி 25,000, எக்ஸ்பைரிக்கு (காண்ட்ராக்ட் முடியும் நாளுக்கு) 30 நாள், வட்டி 6.5% என்று வைத்துக்கொள்ளுங்கள். 25,000 × 6.5% × 30 ÷ 365 = 133.6 புள்ளி. இன்றே பங்கை வாங்கினால் அந்தப் பணத்துக்கு ஆகும் வட்டி அது; அதுதான் நியாயமான பிரீமியம். அதே கணக்கில் வட்டியை 5.5% ஆக்குங்கள், 113 வரும். ரிசர்வ் வங்கி ரெப்போவை (வங்கிகளுக்குத் தரும் கடனின் வட்டியை) 2025 பிப்ரவரியில் 6.5%-லிருந்து குறைக்க ஆரம்பித்து ஜூனில் 5.5%-க்குக் கொண்டுவந்தது. மார்க்கெட் பற்றி ஒருவர்கூட எண்ணத்தை மாற்றிக்கொள்ளாமலே பிரீமியத்தில் 20 புள்ளி காணாமல் போயிருக்கும்.

அடுத்தது டிவிடெண்ட். நிஃப்டி 50 வெறும் விலைக் குறியீடு. பங்கு எக்ஸ்-டிவிடெண்ட் ஆகும் அன்று (அன்று முதல் வாங்குகிறவருக்கு அந்த டிவிடெண்ட் கிடையாது) விலையிலிருந்து டிவிடெண்ட் கழிகிறது, குறியீடும் அந்த அளவுக்கு இறங்குகிறது. பங்கை வைத்திருப்பவருக்குப் பணம் வரும், ஃப்யூச்சர்ஸ் வைத்திருப்பவருக்கு வராது. அடுத்த 30 நாளில் வரவேண்டிய டிவிடெண்ட் குறியீட்டில் 0.3% என்றால் 75 புள்ளி. 113-லிருந்து 75 போனால் 38. திரையில் 40 தெரிந்தால் அது நியாய விலைக்கு மேலேதான் நிற்கிறது. நீங்கள் அதைப் பார்த்து "ஷார்ட் ஏறுது" என்கிறீர்கள்.

புதுக்கணக்கு:
ஒரு சந்தேகம் சார். தனிப் பங்கிலும் இதே கணக்குதானா? 400 ரூபாய் பங்கு, ஃப்யூச்சர்ஸ் 395. ஐந்து ரூபாய் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கலாமா?

வட்டிக்கணக்கு:
இந்த சீரிஸுக்குள் எக்ஸ்-டேட் (எக்ஸ்-டிவிடெண்ட் ஆகும் நாள்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிவிடெண்ட் 7 ரூபாய் என்று வையுங்கள். 5.5% வட்டி 30 நாளுக்கு 1.81. 400 + 1.81 − 7 = 394.81. அப்படியானால் 395 என்பது மலிவே அல்ல, 19 பைசா அதிகம். எக்ஸ்-டேட் அன்று ஸ்பாட் 393-ஆக இறங்கும், ஃப்யூச்சர்ஸ் நின்ற இடத்திலேயே நிற்கும். உங்கள் "ஐந்து ரூபாய் லாபம்" அன்று காலையே மறைந்துவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 7 ரூபாய் என்பது 400-ல் 1.75%. பங்கின் விலையில் 2%-க்குக் கீழே உள்ள டிவிடெண்டுக்கு எக்ஸ்சேஞ்ச் காண்ட்ராக்ட்டைத் திருத்தாது, சந்தையே விலையில் கழித்துக்கொள்ள வேண்டியதுதான். 2% அல்லது அதற்கு மேல் போனால் சிறப்பு டிவிடெண்ட் என்று எடுத்து ஃப்யூச்சர்ஸ் விலையிலிருந்தே கழித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் கணக்கில் மறுபடியும் கழித்தால் இரண்டு முறை கழித்ததாகிவிடும்.

பஜார்_பார்வை:
டிவிடெண்ட், வட்டி இரண்டையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நியாய விலை 38 என்றால் நாள் முழுக்க 38-லேயே நிற்க வேண்டுமே? காலையில் 20, மதியம் 70 என்று ஏன் ஆடுகிறது? ஒரே நாளில் வட்டி மாறிவிட்டதா? 2020 மார்ச் வீழ்ச்சியில் நிஃப்டி ஃப்யூச்சர்ஸ் ஸ்பாட்டுக்குக் கீழே ஓடியது. அப்போதும் டிவிடெண்ட் என்று சொல்வீர்களா? உங்கள் ஃபார்முலா புத்தகத்தில் நன்றாக இருக்கும். சந்தையில் விலையை வைப்பது வாங்குகிறவனும் விற்கிறவனும்தான்.

ஆர்ப்_டெஸ்க்:
இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கு. நடுவில் ஒன்று விட்டுப்போச்சு: செலவு. ஃபார்முலா தானாக விலையை இழுத்துப் பிடிக்காது. பங்கை வாங்கி ஃப்யூச்சர்ஸை விற்கிற ஆர்பிட்ரேஜ்காரன்தான் இழுத்துப் பிடிக்கிறான். அவனுக்குச் செலவு போக மிஞ்சினால்தான் வருவான்.

பங்கு 1,000, ஃப்யூச்சர்ஸ் 1,006, 30 நாள், இந்த சீரிஸில் டிவிடெண்ட் இல்லை. 5.5% வட்டியில் நியாய பிரீமியம் 4.52. ஒன்றரை ரூபாய் கூடுதல் இருக்கிற மாதிரி தெரியும். இப்போ செலவைப் போடுவோம். பங்கு வாங்கும்போது எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) 0.1%, ஒரு ரூபாய். ஸ்டாம்ப் 0.015%, 15 பைசா. ஃப்யூச்சர்ஸ் விற்கும்போது எஸ்டிடி, 2024 அக்டோபர் 1 முதல் 2025 முழுக்க இருந்த விகிதத்தில் 0.02%, 20 பைசா (அதற்கு முன் 0.0125%). முடிக்கும்போது பங்கை விற்க இன்னொரு ரூபாய், ஃப்யூச்சர்ஸைத் திரும்ப வாங்கும்போது ஸ்டாம்ப் 2 பைசா. மொத்தம் 2.37. புரோக்கரேஜ், எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஜிஎஸ்டி தனி. ஆக 4.52 + 2.37 = 6.89-ஐத் தாண்டினால்தான் புதுசாக இறங்குவதில் அர்த்தம். 6 ரூபாயில் ஒருத்தனும் கை வைக்க மாட்டான்.

கீழ்ப்பக்கமும் அதே கதை. கையில் பங்கு இருப்பவன் அதை விற்றுவிட்டு ஃப்யூச்சர்ஸ் வாங்க, பிரீமியம் 2.15-க்குக் கீழே வரணும். இரண்டுக்கும் நடுவில் விலை எங்கே நின்றாலும் கேட்க ஆள் கிடையாது. 0.237% என்பது 25,000 நிஃப்டிக்குக் கிட்டத்தட்ட 59 புள்ளி. 38-க்கு இந்தப் பக்கம் 59, அந்தப் பக்கம் 59. 20-ம் 70-ம் இந்தப் பட்டைக்குள்தான் இருக்கு.

பஜார்_பார்வை:
அதைத்தான் நானும் சொல்கிறேன்! பட்டைக்குள் கேட்க ஆள் இல்லை என்றால், அங்கே விலையை நகர்த்துவது யார்? லாங் (ஏறும் என்று வாங்கி வைப்பது), ஷார்ட் போடுகிற கைகள்தானே. அப்படியானால் 20-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசம் சந்தையின் மனநிலை. என் வாதம் இன்னும் நிற்கிறது.

ஆர்ப்_டெஸ்க்:
பாதி நிற்குது. ஆனால் பட்டைக்குள் நகர்வது "ஏறும், இறங்கும்" என்கிற கணிப்பு மட்டுமில்லை. ஃபைனான்ஸ் யாருக்கு எவ்வளவு தேவை என்பதும் அதில் இருக்கு. ஏறுகிற சந்தையில் பிரீமியம் விரிவது ஏன் என்று பாருங்க. நிஃப்டி 25,000, லாட் (ஒரு காண்ட்ராக்ட்டின் அளவு) 2025-ல் இருந்தபடி 75, காண்ட்ராக்ட் மதிப்பு 18.75 லட்சம். ஆர்பிட்ரேஜ்காரன் பங்குக் கூடையை வைத்துக்கொண்டு ஃப்யூச்சர்ஸ் ஷார்ட்டில் இருக்கிறான். சந்தை 4% ஏறினால் ஒரு லாட்டுக்கு எம்டிஎம் (அன்றாட விலை மாற்றத்துக்குக் கட்டும் தொகை) 75,000 ரூபாய். பங்கிலும் அதே லாபம் இருக்கு, ஆனால் அது காகிதத்தில். எம்டிஎம் மட்டும் மறுநாளே ரொக்கமாகப் போகணும். பங்கை அடகு வைத்து மார்ஜினை (பிணைத் தொகையை) காட்டலாம், அதிலும் பாதி ரொக்கமாகவோ அதற்குச் சமமானதாகவோ இருக்கணும். எம்டிஎம்முக்கு அடகு செல்லாது.

அதனால் வேகமாக ஏறுகிற வாரத்தில் ஆர்பிட்ரேஜ் பணம் இறுகிப் போகும். லாங் கேட்பவர்கள் கூடிக்கொண்டே இருப்பார்கள், ஷார்ட் கொடுப்பவர்கள் குறைவார்கள், பிரீமியம் விரியும். ஏறியதால் விரிந்த பிரீமியத்தை, இனி ஏறப்போவதற்கு அடையாளம் என்று படிப்பதில்தான் எனக்கு ஆட்சேபம்.

வட்டிக்கணக்கு:
2020 மார்ச்சுக்கு வருகிறேன். மார்ச் 23-ல் லோயர் சர்க்யூட் (ஒரு நாள் இறக்கத்துக்கான வரம்பு) அடித்து நிஃப்டி 7,610-ல் முடிந்தது. டிஸ்கவுண்ட் (ஃப்யூச்சர்ஸ் ஸ்பாட்டுக்குக் கீழே நிற்பது) அந்த நாட்களில்தான் இருந்தது. டிஸ்கவுண்ட் கணிப்பு என்றால், அதைப் பார்த்து ஷார்ட் போட்டவர் அடிமட்டத்தில் ஷார்ட் போட்டிருப்பார். பயத்தில் ஹெட்ஜ் (நஷ்டப் பாதுகாப்பு) தேடியவர்கள் என்ன விலைக்கும் விற்றார்கள், எதிரில் வாங்கப் பணம் இல்லை. அந்த டிஸ்கவுண்ட்டுக்கு அர்த்தம் அவ்வளவுதான்.

பஜார்_பார்வை:
ஒரு உதாரணத்தை வைத்து முடிக்க வேண்டாம். தனிப் பங்கில் டிவிடெண்டே இல்லாமல், எக்ஸ்பைரிக்கு 20 நாள் இருக்கும்போது ஒரு சதவீதம் டிஸ்கவுண்டில் ஓடுவது உண்டு. உங்கள் 2.15-ஐ விட எவ்வளவோ கீழே. அதைப் பிடித்து மேலே இழுக்க ஏன் யாரும் வரவில்லை?

ஆர்ப்_டெஸ்க்:
நல்ல கேள்வி. இழுக்கணும்னா பங்கை விற்று ஃப்யூச்சர்ஸை வாங்கணும். பங்கு கையில் இல்லாதவன் கடன் வாங்கித்தான் விற்கணும். கேஷ் மார்க்கெட்டில் ஷார்ட் அடித்தால் அன்றைக்கே முடிக்கணும், இரவு வைத்திருக்க முடியாது. பங்கைக் கடனாக வாங்கும் எஸ்எல்பி 2008-லிருந்து இருக்கு, ஆனால் பெரும்பாலான பங்குகளில் அளவே கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை கடிக்கும். மிச்சம் ஏற்கெனவே பங்கு வைத்திருக்கும் ஆர்பிட்ரேஜ் ஃபண்டுகள். அவர்கள் கையிருப்பு தீர்ந்ததும் டிஸ்கவுண்ட் அப்படியே தொங்கும். ஓப்பன் இன்ட்ரஸ்ட் சந்தை அளவு வரம்பில் (ஒரு பங்குக்கு அனுமதித்த உச்ச அளவில்) 95%-ஐத் தாண்டி பேன் (தடை) விழுந்தால் புது பொசிஷனே எடுக்க முடியாது, 80%-க்குக் கீழே வரும்வரை கதவு மூடியேதான் இருக்கும்.

அதனால் தனிப் பங்கின் டிஸ்கவுண்ட் விஷயத்தில் உங்கள் பக்கம் பலமாக இருக்கு. ஷார்ட் போக ஃப்யூச்சர்ஸ் தவிர வழியில்லாதபோது, அந்தத் தேவை முழுக்க அங்கேதான் தெரியும். குறியீட்டின் பிரீமியத்தை அதே கண்ணால் பார்க்காதீங்க.

புதுக்கணக்கு:
கச்சா எண்ணெயில் இந்த வட்டிக் கணக்கு ஏன் ஒத்து வரவில்லை? 2020-ல் விலை மைனஸ் போனதே.

வட்டிக்கணக்கு:
எண்ணெயில் வட்டியோடு கிடங்கு வாடகையும் சேரும். 2020 ஏப்ரல் 20-ல் நைமெக்ஸில் (நியூயார்க் சரக்குச் சந்தை) மே காண்ட்ராக்ட் −37.63 டாலரில் செட்டில் ஆனது. அதே நாளில் ஜூன் காண்ட்ராக்ட் 20.43. இரண்டுக்கும் 58 டாலர் இடைவெளி. கணக்குப்படி மே எண்ணெயை எடுத்து ஒரு மாதம் வைத்திருந்து ஜூனில் கொடுத்தால் பீப்பாய்க்கு 58 டாலர். ஆனால் டெலிவரி ஒக்லஹோமாவின் குஷிங்கில். அங்கே காலித் தொட்டி கிடைக்கவில்லை. டெலிவரி எடுக்க முடியாத லாங்குகள் எந்த விலைக்கும் வெளியேறினார்கள்.

எம்சிஎக்ஸ் (இந்தியச் சரக்குச் சந்தை) கச்சா எண்ணெயில் டெலிவரி கிடையாது, நைமெக்ஸ் செட்டில்மென்ட் விலையை ரூபாய்க்கு மாற்றி முடிப்பார்கள். ஊரடங்கால் அன்று வர்த்தகம் மாலை 5 மணிக்கே முடிந்தது, கடைசி விலை 965 ரூபாய். அமெரிக்காவில் விழுந்தது அதற்குப் பிறகு. செட்டில்மென்ட் −2,884 ரூபாய். 100 பீப்பாய் லாட் ஒன்றுக்கு 965-ல் லாங்கில் இருந்தவருக்கு 3,84,900 ரூபாய் நஷ்டம், வெளியேற ஒரு நிமிஷம்கூட இல்லாமல். எந்த விலையில், எத்தனை மணிக்கு, எந்தச் சந்தையை வைத்து முடிப்பார்கள் என்பதை காண்ட்ராக்ட் விவரத்தில் படிக்காமல் எக்ஸ்பைரி நாளில் பொசிஷன் வைக்கக் கூடாது.

பஜார்_பார்வை:
எண்ணெயில் தொட்டி இல்லை, பங்கில் கடன் இல்லை. சுமந்து செல்ல ஆள் இல்லாத இடத்தில் ஃபார்முலா வேலை செய்யாது என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். சரி, குறியீட்டில் மனநிலையைப் பார்க்க ஸ்பாட் பிரீமியம் வேண்டாம் என்றால் வேறு எதைப் பார்ப்பது?

ஆர்ப்_டெஸ்க்:
ரோல் ஸ்ப்ரெட், அதாவது இந்த மாத, அடுத்த மாத ஃப்யூச்சர்ஸ் விலைகளின் வித்தியாசம். ஏற்கெனவே பங்கும் ஷார்ட்டும் வைத்திருப்பவன் இந்த மாதத்தை வாங்கி அடுத்த மாதத்தை விற்கும்போது பங்கைத் தொடுவதில்லை. மேலே சொன்ன வரி விகிதத்தில் 1,000 ரூபாய்க்கு அவன் செலவு 22 பைசாதான். பட்டை குறுகியது, அதனால் ஸ்ப்ரெட்டில் தெரியும் வட்டி உண்மைக்குக் கிட்டே இருக்கும். அடுத்த மாத டிவிடெண்டைச் சேர்த்துக்கொண்டு வருட வட்டியாக மாற்றி, கருவூல பில் (அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம்) வட்டியோடு ஒப்பிடுங்க. ஒன்று ஒன்றரை சதவீதம் மேலே போனால் லாங் பக்கம் பணத்துக்குப் பசி அதிகம் என்று அர்த்தம். திசை எது என்று அதுவும் சொல்லாது.

ஸ்பாட் பிரீமியம்தான் வேண்டும் என்றால் மாலை 3:30 விலைகளைக் கழிக்காதீங்க. 2025 நடைமுறைப்படி பங்கின் குளோஸிங் விலை கடைசி அரை மணி நேரத்தின் எடையிட்ட சராசரி, நிஃப்டி குளோஸும் அதிலிருந்துதான் வருது. ஃப்யூச்சர்ஸில் நீங்கள் எடுப்பது கடைசி டிரேட். கடைசி அரை மணியில் சந்தை 60 புள்ளி ஏறினால், இல்லாத பிரீமியம் 30 புள்ளி போல திரையில் முளைக்கும். மதியம் இரண்டு மணிக்கு இரண்டையும் ஒரே நொடியில் எடுங்க. சரிபார்க்க ஒரே ஸ்ட்ரைக்கின் (ஆப்ஷனில் பேசிவைத்த விலை) கால் (வாங்கும் உரிமை), புட் (விற்கும் உரிமை) போதும்: 25,000 கால் 310, புட் 270 என்றால் செயற்கை ஃப்யூச்சர்ஸ் 25,000 + 310 − 270 = 25,040.

பஜார்_பார்வை:
கிஃப்ட் நிஃப்டியிலும் (குஜராத் கிஃப்ட் சிட்டி சந்தையில் ஓடும் நிஃப்டி) இதே குழப்பம்தானே? காலையில் எல்லாச் சேனலிலும் "60 புள்ளி கேப் அப்" (நேற்றைய முடிவுக்கு மேலே திறக்கும்) என்கிறார்கள்.

வட்டிக்கணக்கு:
ஆமாம். அதுவும் ஃப்யூச்சர்ஸ்தான். ஸ்பாட் 25,000, நம் ஃப்யூச்சர்ஸ் 25,040-ல் முடிந்திருக்க, கிஃப்ட் நிஃப்டி 25,060 என்றால் உண்மையான வித்தியாசம் 20. ஒப்பிட வேண்டியது அதே எக்ஸ்பைரியின் நேற்றைய ஃப்யூச்சர்ஸ் விலையோடு.

பஜார்_பார்வை:
அதை ஏற்கிறேன். தனிப் பங்கு டிஸ்கவுண்டை மட்டும் விடமாட்டேன். டிவிடெண்ட் கழித்து, எஸ்எல்பி வாடகையும் பார்த்து, அதற்குப் பிறகும் அரை சதவீதத்துக்கு மேல் கீழே நின்றால் அங்கே ஷார்ட் அழுத்தம் இருக்கிறது என்றே எடுப்பேன்.

ஆர்ப்_டெஸ்க்:
எடுங்க, எக்ஸ்பைரி வாரம் மட்டும் வேண்டாம். 2019 அக்டோபரிலிருந்து எல்லாப் பங்கு ஃப்யூச்சர்ஸும் டெலிவரியில் முடியுது. கடைசி நாட்களில் புரோக்கர்கள் மார்ஜினை ஏற்றுவார்கள், முழுப் பணம் கட்ட முடியாத லாங்குகள் வெளியே தள்ளப்படுவார்கள். அப்போது வரும் டிஸ்கவுண்ட் ஷார்ட் அழுத்தம் இல்லை, லாங் காலி செய்வது. ஓப்பன் இன்ட்ரஸ்ட் குறைந்துகொண்டே வந்தால் அதுதான்.

புதுக்கணக்கு:
அடுத்த மாத காண்ட்ராக்ட்டிலும் அதே டிஸ்கவுண்ட் தெரிந்தால்?

ஆர்ப்_டெஸ்க்:
எக்ஸ்-டேட்டை மறுபடி பாருங்க. அடுத்த மாதத்துக்குள்ளும் டிவிடெண்ட் இல்லை என்றால், அப்போ பஜார்_பார்வை சொல்வதுதான் சரி.